ஐசிஓ ஃபைலை ஆன்லைன்ல மாத்தினா லோகோ ஏன் குட்டியா, கருப்பா வருது, பெருசா எப்படி எடுக்குறது

தம்பி, நீங்க கேட்டதை ஒரு தடவ சுருக்கமா சொல்லிடுறேன், இதே பிரச்சனையில இருக்குற மத்தவங்களுக்கும் புரியணும்ல. பண்ருட்டியில அப்பா காலத்து முந்திரிக் கடை, வெப்சைட் பண்ணிக் குடுத்தவரு இப்ப தொடர்புல இல்ல, லோகோவோட ஒரிஜினல் யார்கிட்டயும் கிடையாது, கடைசியில சைட்ல இருந்து ஃபேவிகான், அதாவது பிரவுசர் டேப்புல தெரியற குட்டிப் படம், அந்த ஐசிஓ ஃபைல் ஒண்ணு மட்டும் டவுன்லோட் பண்ணி வச்சிருக்கீங்க. அதை ஆன்லைன் கன்வர்ட்டர்ல போட்டு ஜேபிஜியா மாத்தினா நகத்தளவு படம் வருது, அதுவும் சுத்தி கருப்புக் கட்டத்தோட. வாட்ஸ்அப் டிபிக்கும் வேணும், பாக்கெட் லேபிளுக்கும் வேணும், கடை முன்னாடி ஃபிளெக்ஸுக்கும் வேணும், பில் மெஷின்லயும் வரணும், எந்த சைட் நல்லதுன்னு கேட்டிருக்கீங்க.

நான் பாண்டியில முத்தியால்பேட்டை பக்கம் டிசைன் வேலையும் சின்ன கடைங்களுக்கு வெப்சைட் வேலையும் பண்றேன், கடலூர், நெல்லிக்குப்பம், விழுப்புரம்னு எல்லா பக்கத்துல இருந்தும் இதே மாதிரி ஐசிஓவை வச்சிக்கிட்டு வர்றவங்க இருக்காங்க. எல்லாரும் முதல்ல கேக்குறது சைட் பேருதான். சைட் ரெண்டாவது விஷயம் தம்பி. ஐசிஓ ஃபைலுக்குள்ள பல படம் இருக்கலாம், அதுல எந்தப் படத்தை வெளிய எடுக்குறோம்ங்குறதுதான் முதல் விஷயம், அதைப் பாக்காம பத்து சைட்ல மாத்தி மாத்திப் போட்டாலும் அதே நகத்தளவுதான் வரும்.

பண்ருட்டிக்காரருக்கு இதைச் சொல்றது சுலபம். ஐசிஓங்குறது பலாப்பழம் மாதிரி, வெளிய பாத்தா ஒண்ணு, உள்ள சுளை சுளையா பல சைஸ்ல படம். ஒரே லோகோ 16க்கு 16 பிக்சல்ல, அதாவது 16 புள்ளி அகலம் 16 புள்ளி உயரத்துல ஒரு படம், 32க்கு 32ல ஒண்ணு, 48க்கு 48ல ஒண்ணு, சில ஃபைல்ல 256க்கு 256 வரைக்கும் இருக்கும். விண்டோஸோ பிரவுசரோ தனக்குத் தேவையான சைஸை மட்டும் எடுத்துக்கும், டேப் மேல காட்ட 16, டெஸ்க்டாப்புல காட்ட 48, பெரிய ஐகானா வச்சா 256. கன்வர்ட்டர் சைட்டுக்கு உங்க தேவை தெரியாது, சிலது முதல்ல கிடைக்கிற படத்தை எடுத்துக் குடுத்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிடும், அந்த முதல் படம் பல ஃபைல்ல 16தான். பெருசு உள்ளேயே கிடக்கும், நமக்குத் தெரியாது.

இந்த ஃபார்மட் ஏன் இப்படி இருக்குன்னு தெரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும், அதனால கொஞ்சம் பொறுத்துக்கங்க. 1985ல விண்டோஸ் 1.0 வந்தப்ப இருந்தே ஐகான் இருக்கு, அப்ப 32க்கு 32, வெறும் கருப்பு வெள்ளை. 1990ல விண்டோஸ் 3.0ல 16 கலர் வந்துச்சு, அந்த ஐகான்ல நிறைய சூசன் கேர்னு ஒரு அம்மா வரைஞ்சது, அதுக்கு முன்னாடி ஆப்பிள் மேக்கின்டாஷுக்கு வரைஞ்சவங்களும் அவங்கதான், அவ்ளோ குட்டி கட்டத்துக்குள்ள ஒரு பொருளை அடையாளம் தெரியற மாதிரி வரையறது பெரிய வித்தை, இன்னைக்கும் அதைப் பாத்து கத்துக்கலாம். 2001ல எக்ஸ்பி வந்தப்பதான் ஓரம் மெதுவா மறையற மாதிரி பாதி ட்ரான்ஸ்பரன்ட் எல்லாம் ஐகான்ல வந்துச்சு. 2007ல விஸ்டா வந்தப்ப 256 சைஸ். அந்த 256 படத்தை அப்படியே கம்ப்ரஸ் பண்ணாம வச்சா ஒரு படத்துக்கே 256 கேபி ஆகுது, பிக்சலுக்கு 4 பைட், கணக்கு போட்டுப் பாருங்க. அதனால அந்த சைஸை மட்டும் ஐசிஓக்குள்ளேயே பிஎன்ஜியா வைக்க ஆரம்பிச்சாங்க. அதாவது உங்க ஃபைல்ல 256 இருந்துச்சுன்னா அது அனேகமா ஏற்கனவே பிஎன்ஜியாதான் உள்ள இருக்கு, கன்வர்ட் பண்ணவே வேண்டாம், வெளிய எடுத்தா போதும், குவாலிட்டி ஒரு துளி குறையாது.

இப்ப உங்க ஃபைல்ல என்ன இருக்குன்னு எந்த சாஃப்ட்வேரும் இல்லாம கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க, கேபி கணக்கைப் பாக்காதீங்க, அதுக்குப் பக்கத்துல பைட்ஸ்னு ஒரு முழு நம்பர் இருக்கும் அதைப் பாருங்க. 1,150 பைட்ஸ்னு இருந்தா உள்ள 16 சைஸ் படம் ஒண்ணே ஒண்ணுதான். 4,286னா 32 சைஸ் ஒண்ணு. 5,430னா 16ம் 32ம். 15,086னா 16, 32, 48 மூணும். இது ஜோசியம் இல்ல, கணக்கு. ஃபைல் தலைப்புக்கு 6 பைட், ஒவ்வொரு படத்துக்கும் அட்டவணையில 16 பைட், அந்தப் படத்தோட சொந்தத் தலைப்புக்கு 40 பைட், அப்புறம் பிக்சல் ஒண்ணுக்கு 4 பைட், கூடவே எது தெரியணும் எது மறையணும்னு சொல்ற ஒரு மாஸ்க், 16 சைஸ் படத்துக்கு அந்த மாஸ்க் 64 பைட். 16ஐ 16ஆல பெருக்கி 4ஆல பெருக்கினா 1,024, அதோட 64, 40, 16, 6 எல்லாம் கூட்டுங்க, சரியா 1,150 வரும். கம்ப்ரஸ் பண்ணாத 32 பிட் ஐகானுக்கு, அதாவது பிக்சலுக்கு 4 பைட் இருக்குறதுக்கு, இந்தக் கணக்கு எப்பவும் ஒத்து வரும், ஃபேவிகான்ல பெரும்பாலும் அதுதான். பல ஆயிரம் பைட்ஸ் தாண்டி, லட்சம் பக்கம் போய் நிக்குதுன்னா உள்ள பெரிய சைஸ் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, சந்தோஷப்படலாம்.

இன்னொரு வழி, ஃபைலை இழுத்து ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்ல போடுங்க, மேல டேப்புல படத்தோட அளவைக் காட்டும்.

அதே நேரத்துல இதையும் பாருங்க, நிறைய வெப்சைட்ல ஃபேவிகான்னு வச்சிருக்குறது நிஜத்துல ஐசிஓவே கிடையாது, பிஎன்ஜி படத்துக்கு யாரோ பேரை மட்டும் ஐசிஓன்னு மாத்தி வச்சிருப்பாங்க. பிரவுசர் பேரைப் பாக்காம உள்ள இருக்குறதைப் பாத்து காட்டிடும், அதனால சைட்ல ஒழுங்காத்தான் தெரியும். ஆனா கன்வர்ட்டர் சைட்ல போட்டா ஃபைல் கெட்டுப் போச்சுன்னு எரர் வரும். நோட்பேட்ல திறந்து பாருங்க, கன்னாபின்னான்னு எழுத்து வரும் பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே இங்கிலீஷ்ல பி, என், ஜின்னு மூணு எழுத்து தெரிஞ்சா அது பிஎன்ஜிதான், பேரோட கடைசியை மட்டும் பிஎன்ஜின்னு மாத்துங்க, வேலை முடிஞ்சுது. நிஜமான ஐசிஓவுக்கு இப்படிப் பேரை மாத்தக் கூடாது. அதுக்குள்ள இருக்குற பழைய சைஸ் படங்க பிஎம்பிங்குற விண்டோஸோட பழைய பட ஃபார்மட் மாதிரி ஆனா முழு பிஎம்பி இல்ல, ஆரம்பத்துல இருக்க வேண்டிய 14 பைட் தலைப்பு இருக்காது, உயரத்தையும் ரெண்டு மடங்கா எழுதி வச்சிருக்கும், படம் பாதி மாஸ்க் பாதின்னு சேத்து எண்ணுறதால. அதான் தனியா ஒரு ஃபார்மட், தனியா படிக்கத் தெரிஞ்ச சாஃப்ட்வேர் வேணும்.

கருப்புக் கட்டம் ஏன் வருதுன்னு கேட்டீங்க. ரெண்டு காரணம், ரெண்டும் சேந்தும் வரும். முதல் காரணம் ஜேபிஜி. ஜேபிஜிக்கு ட்ரான்ஸ்பரன்ட்னா என்னன்னே தெரியாது, அந்த இடத்துல ஏதாவது ஒரு கலரைப் போட்டே ஆகணும். நல்ல கன்வர்ட்டர் வெள்ளை போடும் இல்ல உங்களைக் கேக்கும், அலட்சியமா எழுதின கன்வர்ட்டர் அடியில என்ன நம்பர் இருக்கோ அதை அப்படியே எழுதிடும். அடியில இருக்குறது கருப்பு, ஏன்னா அந்தக் காலத்து ஐகான் விதியே அதுதான், மறைய வேண்டிய பிக்சலுக்கு மாஸ்க்ல 1ம் கலர்ல 0ம் எழுதணும், 0ன்னா கருப்பு. ரெண்டாவது காரணம், கன்வர்ட்டர் அந்த மாஸ்க்கைப் படிக்கவே இல்லாம விட்டுட்டா பிஎன்ஜியா மாத்தினாக்கூட கருப்பு வரும். அதனால பிஎன்ஜியா மாத்தியும் கருப்பு இருந்துச்சுன்னா பெரும்பாலும் தப்பு உங்க மேலயும் இல்ல ஃபைல் மேலயும் இல்ல, அந்த சைட்டை விட்டுட்டு வேற பாருங்க. கருப்பை ஃபோட்டோஷாப்புல அழிச்சிக்கலாம்னு உக்காராதீங்க, லோகோவுல கருப்பு எழுத்து இருந்தா அதுவும் சேந்து போயிடும், ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி ஆயிடும்.

லோகோவுக்கு ஜேபிஜி வேண்டாம்னு நான் எல்லாருக்கும் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஜேபிஜி படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமா வெட்டி ஒவ்வொரு கட்டத்தையும் சுருக்குது, கடற்கரை ஃபோட்டோ, கல்யாண ஃபோட்டோவுக்கு அது பிரமாதம், ஆனா கூர்மையான கோடும் எழுத்தும் இருக்குற இடத்துல ஓரமா அழுக்கு மாதிரி புள்ளி புள்ளியா வந்துடும். 32 பிக்சல் ஐகான்னா மொத்தமே 16 கட்டம்தான், எல்லா கட்டத்துலயும் ஓரம் இருக்கும், அப்ப மொத்த படமும் அழுக்குதான். பிஎன்ஜி எதையும் தூக்கி எறியாது, ட்ரான்ஸ்பரன்டும் பத்திரமா இருக்கும். ஜிஃப்னா 256 கலர்தான், பிக்சல் ஒண்ணு முழுசா தெரியும் இல்ல முழுசா மறையும், நடுவுல எதுவும் கிடையாது. வெப்பி (WebP) நல்ல ஃபார்மட், வாட்ஸ்அப் ஸ்டிக்கர் அதுலதான் இருக்கணும், 512க்கு 512, சாதா ஸ்டிக்கர்னா 100 கேபிக்குள்ள. ஆனா ப்ரெஸ்ல கொண்டு போய் வெப்பி குடுத்தா அவங்க சிஸ்டம்ல திறக்காம போகலாம். பிஎன்ஜி எடுத்து வச்சிக்கங்க, அதுல இருந்து எதுக்கு வேணா மாத்திக்கலாம்.

சரி, ஆன்லைன் சைட். கிளவுட்கன்வர்ட், கன்வர்ட்டியோ, சாம்சார் இந்த மூணும் பல வருஷமா இருக்குறது, ஐசிஓல இருந்து பிஎன்ஜி மாத்தும். எதுல போட்டாலும் டவுன்லோட் ஆனதும் முதல் வேலையா அளவைப் பாருங்க. ஃபைலோட பைட்ஸ் கணக்குப்படி உள்ள 48 இருக்கணும், கையில வந்தது 16னா அந்த சைட் உங்களுக்கு சின்னதை எடுத்துக் குடுத்திருக்கு. சில சைட் எல்லா சைஸையும் ஜிப்பா கட்டிக் குடுக்கும், அதுதான் நல்லது. அகலம் உயரம் கேக்குற பொட்டி இருந்தா அதுல 1000னு போடணும்னு கை துறுதுறுங்கும், போடாதீங்க, அது உள்ள இருக்குற 16ஐ இழுத்து 1000 ஆக்கும், அவ்ளோதான், காலியா விட்டா இருக்குறது இருக்குற அளவுலயே வரும்.

எனக்குப் பிடிச்சது பிரவுசர்லயே வேலையை முடிக்கிற சைட், ஃபைல் உங்க மெஷினை விட்டு வெளிய போகாது. ஒரு சைட் நிஜமா அப்படித்தான் பண்ணுதான்னு பாக்க, பேஜ் முழுசா லோட் ஆனதும் வைஃபையை ஆஃப் பண்ணிட்டு ஃபைலைப் போட்டு மாத்திப் பாருங்க. மாறிச்சுன்னா உள்ளேயே நடக்குது. சுத்திக்கிட்டே இருந்தா அவங்க சர்வருக்குப் போகுதுன்னு அர்த்தம். லோகோ எப்படியும் உலகம் பாக்குறதுக்குத்தான், அது சர்வருக்குப் போனாலும் எனக்குக் கவலை இல்ல. ஆனா இந்தப் பழக்கத்துல நாளைக்கு ஆதாரையும் பேங்க் பாஸ்புக்கையும் இதே மாதிரி ஊர் பேர் தெரியாத சைட்ல போட்டு பிடிஎஃப் ஆக்குவீங்க, அதுக்குத்தான் இப்பவே சொல்றேன், அந்த மாதிரி பேப்பரை எந்த ஆன்லைன் கன்வர்ட்டர்லயும் போடாதீங்க.

இதுல பயமுறுத்தல் எதுவும் இல்ல. 2025 மார்ச்ல அமெரிக்காவுல எஃப்பிஐயோட டென்வர் ஆபீஸ், இலவச ஃபைல் கன்வர்ட்டர்னு சொல்லி வைரஸ் ஏத்துற சைட்டுங்க இருக்கு, போடுற ஃபைல்ல இருந்து தகவலையும் உருவுறாங்கன்னு பொதுவா எச்சரிக்கையே விட்டுச்சு. நீங்க கவனிக்க வேண்டியது, படம் கேட்டா படம்தான் வரணும். ஒரு சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணாத்தான் குடுப்பேன்னு சொன்னா வெளிய வந்துடுங்க. பேஜ்ல பச்சைக் கலர்ல பெருசா நாலு டவுன்லோட் பட்டன் இருக்கும், பெரும்பாலும் விளம்பரம், நிஜ பட்டன் உங்க ஃபைல் பேருக்குப் பக்கத்துல சின்னதா இருக்கும். நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு குடுங்க, ஆமான்னு அமுக்கினா அப்புறம் கடையில பில் போடுற கம்ப்யூட்டர்ல நாள் பூரா மூலையில உங்க சிஸ்டம்ல வைரஸ்னு பொய் மெசேஜா குதிச்சிக்கிட்டு இருக்கும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், விண்டோஸ் ஃபைல் பேரோட கடைசி பாகத்தை மறைச்சுதான் காட்டும், அதனால லோகோ டாட் பிஎன்ஜி டாட் இஎக்ஸ்இன்னு (அது படம் இல்ல, ஓடுற சாஃப்ட்வேர்) வந்தா நமக்கு லோகோ டாட் பிஎன்ஜின்னு மட்டும் தெரியும், நம்பி டபுள் கிளிக் பண்ணுவோம். எக்ஸ்ப்ளோரர்ல வியூ மெனுவுல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்னு இருக்குறதை டிக் பண்ணி வச்சிடுங்க, ஒரு தடவ பண்ணா போதும், எப்பவும் கூட இருக்கும்.

அடிக்கடி இந்த வேலை வரும்னா, இல்ல நெட் ஸ்லோவா இருக்குற இடம்னா, ஆன்லைனே வேண்டாம். ஜிம்ப்னு ஒரு பட எடிட்டர் இருக்கு, இலவசம், அதுல ஐசிஓவைத் திறந்தா ஒவ்வொரு சைஸும் தனித்தனி லேயரா வலது பக்கம் வரிசையா நிக்கும், கண்ணாலயே பாத்து பெருசை மட்டும் வச்சிக்கிட்டு மத்ததோட கண் குறியை ஆஃப் பண்ணி பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் குடுங்க. இர்ஃபான்வியூ அதைவிட லைட்டான சாஃப்ட்வேர், பழைய சிஸ்டத்துலயும் ஓடும், அது ஐசிஓவை பல பக்கம் உள்ள படமா காட்டும், எல்லா பக்கத்தையும் தனித்தனியா பிரிச்சு சேவ் பண்ற வசதியும் இருக்கு. மேக்ல ப்ரிவ்யூவே திறக்கும். லினக்ஸ் தெரிஞ்ச பசங்களுக்கு இமேஜ்மேஜிக்னு ஒரு சாஃப்ட்வேர்ல ஒரே கமாண்டுல எல்லா சைஸும் 0, 1, 2ன்னு நம்பர் போட்டு வந்து விழும். விண்டோஸ் பெயின்ட்லயும் ஐசிஓ திறக்கும்தான், ஆனா உள்ள எத்தனை படம் இருக்குன்னு அதுல தெரியாது, ட்ரான்ஸ்பரன்டும் போயிடும்னு வச்சிக்கங்க, அதுல பண்ணாதீங்க.

இப்ப கஷ்டமான கேள்விக்கு வர்றேன். உங்க ஃபைல் 1,150 பைட்ஸ்னு வச்சிக்குவோம், உள்ள 16 மட்டும்தான். 16க்கு 16ன்னா மொத்தம் 256 புள்ளி. ப்ரிண்ட்டுக்கு ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி வேணும், அப்ப அந்த லோகோவை சுத்தமா அடிக்கணும்னா ஒன்றரை மில்லிமீட்டர் கூட வராது, அரிசி அகலம் கூட இல்ல. 48ஆ இருந்தா 4 மில்லிமீட்டர். 256ஏ கிடைச்சாலும் ரெண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான். பாக்கெட் லேபிள்ல ரெண்டு இன்ச் லோகோ வேணும்னா 600 பிக்சல். ஃபிளெக்ஸ் தூரத்துல இருந்து பாக்குறது, இன்ச்சுக்கு 72 புள்ளி போதும், ஆனாலும் ரெண்டு அடி லோகோன்னா 1,700 பிக்சலுக்கு மேல போகுது. இல்லாத புள்ளியை எந்த சைட்டாலயும் உண்டாக்க முடியாது. ஏஐ வச்சு பெருசாக்குறேன்னு சொல்ற சைட்டுங்க ஊகிச்சு நிரப்பும், முகத்துக்கும் மரத்துக்கும் அது ஓரளவு பரவால்ல, நம்ம தமிழ் எழுத்துல ஒரு சுழி கூடினாலோ குறைஞ்சாலோ வேற எழுத்தாயிடும், அப்பா பேரு போட்ட லோகோவை அப்படி விடவே கூடாது.

அதனால கன்வர்ட் பண்றதுக்கு முன்னாடி, பெரிய படம் வேற எங்கயாவது இருக்கான்னு தேடுங்க. இதுக்கு ஒரு மணி நேரம் செலவு பண்ணா நாள் முழுக்க கன்வர்ட்டர்ல உக்கார்றதைவிட பலன் ஜாஸ்தி.

உங்க சைட்டை கம்ப்யூட்டர்ல திறந்து வெறும் இடத்துல ரைட் கிளிக் பண்ணி வியூ பேஜ் சோர்ஸ் குடுங்க, அதுல கன்ட்ரோல் எஃப் அமுக்கி ஐகான்னு இங்கிலீஷ்ல தேடுங்க. ஐபோனுக்காக ஆப்பிள் டச் ஐகான்னு 180க்கு 180ல ஒரு பிஎன்ஜி தனியா வச்சிருக்கலாம், ஆண்ட்ராய்டுக்காக 192லயும் 512லயும் இருக்கலாம். வேர்ட்பிரஸ் சைட்னா இன்னும் அதிர்ஷ்டம், அங்க சைட் ஐகானுக்கு 512 படம் போடச் சொல்லும், அது அதுல இருந்து 32, 180, 192, 270ன்னு தானே குட்டி போட்டு வைக்கும், சோர்ஸ்ல ஃபைல் பேரோட கடைசியில 32 எக்ஸ் 32ன்னு இருக்கும் பாருங்க, அந்த அட்ரஸை காப்பி பண்ணி, அந்த அளவையும் அதுக்கு முன்னாடி இருக்குற சின்னக் கோடு (-) அதையும் அழிச்சிட்டு என்டர் தட்டினா பல நேரம் 512 படமே முழுசா வந்து நிக்கும். அந்த ஒரு வேலையிலயே உங்க வாட்ஸ்அப் டிபி பிரச்சனை தீந்துடும்.

சைட்டே மூடியாச்சுன்னா இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல உங்க சைட் அட்ரஸைப் போட்டுப் பாருங்க, பழைய பேஜோட படமும் சேமிச்சிருக்க வாய்ப்பு இருக்கு. கடை ஃபேஸ்புக் பேஜ்ல பழைய டிபி, பழைய பொங்கல் தீபாவளி வாழ்த்துப் படம், அதெல்லாமும் பாருங்க.

எல்லாத்தையும் விட நல்ல இடம் ப்ரெஸ். விசிட்டிங் கார்டு, பில் புக், பை, காலண்டர் எதாவது எப்பவாவது அடிச்சிருப்பீங்கள்ல, பண்ருட்டியிலயோ திருப்பாப்புலியூர்லயோ, அந்த ப்ரெஸ்ல கேளுங்க. நம்ம பக்கம் ப்ரெஸ்ல கோரல்டிராங்குற டிசைன் சாஃப்ட்வேர் நிறைய ஓடும், பழைய கஸ்டமர் ஃபைல் அதோட சிடிஆர் ஃபார்மட்ல ஏதாவது ஹார்ட் டிஸ்க்ல கிடக்கும். அது வெக்டர், அதாவது கோடும் வளைவுமா சேமிக்கிறது, புள்ளி கணக்கே கிடையாது, முந்திரிக்கொட்டை அளவுலயும் அடிக்கலாம், பஸ் ஸ்டாண்ட் போர்டு அளவுலயும் அடிக்கலாம், அதே கூர்மை. வாங்கும்போது எழுத்தையெல்லாம் கர்வ்ஸா (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வளைவு கோடா) மாத்திக் குடுக்கச் சொல்லுங்க, பழைய தமிழ் ஃபான்ட்டுங்க யூனிகோட் கிடையாது, அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல திறந்தா தமிழ் எழுத்து இருந்த இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் குறியும் கலந்து வந்து நிக்கும். கூடவே ஒரு பிடிஎஃப்பும், எஸ்விஜின்னு இன்னொரு வெக்டர் ஃபைலும் வாங்கி ஜிமெயில்ல உங்களுக்கே ஒரு மெயில் போட்டு வச்சிடுங்க, டிஸ்க் போனாலும் அது இருக்கும்.

எங்கயும் கிடைக்கலன்னா புதுசா வரையறதுதான் வழி, இதைச் சொல்ல நான் தயங்கவே மாட்டேன். 16 பிக்சல்ல தெரியற லோகோன்னா உருவம் சிம்பிளாத்தான் இருக்கும், உங்களுதும் ஒரு முந்திரிக்கொட்டை வளைவும் ஒரு எழுத்தும்தான்னு நினைக்கிறேன். ஐகானை ஜிம்ப்ல பெருசாக்கும்போது இன்டர்போலேஷன்ங்குற இடத்துல None குடுத்து பெருசாக்குங்க, மங்காம கட்டம் கட்டமா சுத்தமா வரும், அதை அடியில வச்சு மேல இங்க்ஸ்கேப்னு வெக்டர் வரையற சாஃப்ட்வேர்ல கோடு வரைஞ்சு எடுக்கலாம், இங்க்ஸ்கேப்பும் இலவசம். ட்ரேஸ் பிட்மேப்னு அதுலயே படத்தைத் தானா கோடா மாத்துற ஒரு வசதி இருக்கு, 256 இருந்தா அது ஓரளவு உதவும், 16, 32ல அது படிக்கட்டு படிக்கட்டாத்தான் வரையும். எழுத்தை வரையாதீங்க, பொருத்தமான தமிழ் ஃபான்ட்ல டைப் பண்ணிட்டு வளைவா மாத்திக்கங்க. கலரை மட்டும் ஐகான்ல இருந்து பிக்கர்ல எடுத்துக்கங்க, அப்பதான் பழைய பாக்கெட்டோட கலர் ஒத்துப் போகும். நீங்களா பண்ண முடியலன்னாலும் டிசைன் தெரிஞ்ச காலேஜ் பசங்க கிட்ட குடுத்தா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவாங்க, காசு குடுங்க, எஸ்விஜி ஃபைலை கேட்டு வாங்கிக்கங்க.

பில் மெஷினுக்கு தனிக் கதை. தெர்மல் ப்ரிண்டர் கருப்பு மட்டும்தான் அடிக்கும், 58 மில்லிமீட்டர் ரோல்னா பொதுவா குறுக்க 384 புள்ளி, 80 மில்லிமீட்டர்னா 576. அதுக்கு ட்ரான்ஸ்பரன்ட் பிஎன்ஜியைக் குடுத்தா சில பில்லிங் சாஃப்ட்வேர் மறைஞ்ச இடத்தையெல்லாம் கருப்புன்னு எடுத்துக்கிட்டு பேப்பர்ல பெரிய கருப்புச் சதுரமா அடிச்சு விடும். இங்க மிஷன் வீதி பக்கம் ஒரு துணிக்கடையில பில் பில்லா அப்படித்தான் வந்துக்கிட்டு இருந்துச்சு, லோகோவுக்கு அடியில வெள்ளை லேயர் போட்டு ஃபிளாட்டன் பண்ணி (ரெண்டையும் ஒரே படமா சேத்து), கலரை வெறும் கருப்பு வெள்ளையா மாத்திக் குடுத்ததும் சரியாயிடுச்சு. ட்ரான்ஸ்பரன்ட் வேண்டாம்னு நான் சொல்ற ஒரே இடம் இதுதான்.

வாட்ஸ்அப்ல லோகோவை ப்ரெஸ்காரருக்கு அனுப்பும்போது ஃபோட்டோவா அனுப்பாதீங்க, அது சுருக்கி ஜேபிஜியாக்கிடும், ட்ரான்ஸ்பரன்ட் போயிடும், டாக்குமென்ட்னு இருக்குறதுல போய் அட்டாச் பண்ணுங்க, அப்படியே போகும். இவ்ளோ பாடுபட்டு எடுத்த படம் கடைசியில இந்த ஒரு இடத்துல வீணாப் போறது ரொம்ப சகஜம்.

நல்ல லோகோ கையில வந்ததும் சைட்டோட ஃபேவிகானையும் புதுசா மாத்திடுங்க, அதுக்கு எதிர்ப் பக்கமா பிஎன்ஜில இருந்து ஐசிஓ பண்ணணும். 16, 32, 48 மூணையும் சேத்து ஒரே ஐசிஓவா பண்ற சைட்டா பாத்துப் பண்ணுங்க, ஜிம்ப்லயும் மூணு லேயர் வச்சு ஐசிஓன்னு எக்ஸ்போர்ட் குடுத்தா ஆயிடும். 16க்கு மட்டும் முழு லோகோவையும் சுருக்காம முந்திரிக்கொட்டை உருவத்தை மட்டும் போடுங்க, கடை பேரு அந்தச் சைஸ்ல படிக்க வராது. 1999ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 ஃபேவிகானைக் கொண்டாந்தப்ப சைட்டோட மெயின் ஃபோல்டர்ல ஃபேவிகான் டாட் ஐசிஓன்னு ஒரு ஃபைல் இருந்தா எடுத்துக்கும்னு ஒரு பழக்கம் வந்துச்சு, இன்னைக்கும் பிரவுசருங்க அங்க தேடிப் பாக்கும், அதனால பழைய ஃபைல் மேலயே அதே பேர்ல ஏத்துங்க. ஏத்தினதும் பழைய ஐகானே தெரியும், பிரவுசர் அதை ரொம்ப நாள் ஞாபகத்துல வச்சிருக்கும், அந்த ஃபைலோட அட்ரஸையே நேரா அடிச்சுத் திறந்து கன்ட்ரோலோட எஃப்5 அமுக்கினீங்கன்னா புதுசு வந்துடும், ஃபோன்ல மட்டும் மாற கொஞ்சம் நாளாகும்.